செயின் சத்தமும் நாயகி பேச்சும்

ஜூன் 4, புதன்

ஸ்பேர்ஸ் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகப் பஞ்சர் ஒட்டும் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் பேச ஆள் இல்லை. என் வீட்டுக்காரி நாயகி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. சோறு போடுகிறாள், காபி கொடுக்கிறாள், சட்டைக் கிரீஸ் கறையைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்கிறாள். பேச்சு மட்டும்தான் இல்லை. முன்பெல்லாம் அடுப்படியில் நின்றபடியே வாசல் பக்கம் கடையில் இருக்கும் எனக்கு ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பாள். உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது வாங்காமலே பூட்டு விழுந்துவிட்டது. அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் போகாததுதான் காரணமாக இருக்கும். அன்றைக்குக் கடையில் வேலை. அவனுக்கும் எனக்கும் ஆகாது என்பது வேறு விஷயம்.

காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. உடுமலையில் இனி இரண்டு மாதத்துக்குக் காதில் காற்றைத் தவிர வேறொன்றும் விழாது.

ஜூன் 5, வியாழன்

அங்குராஜ் தன் பழைய பைக்கைக் கொண்டுவந்தான். மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவன். காட்டில் பேசிப் பழகிய குரல், நாலு வயலுக்குக் கேட்கும். எனக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான். மற்றவர்கள் எல்லாம் இப்போது வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

"அண்ணா, கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி சத்தம் வருதுங்ணா. ரோட்ல போறவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க."

ஸ்டார்ட் செய்து காட்டினான். குனிந்து கேட்டேன். எனக்கு வண்டி நன்றாகத்தான் ஓடியது.

"காத்துச் சத்தம்டா" என்றேன்.

"காத்து என்னுங்ணா இன்ஜினுக்குள்ளயா அடிக்குது?"

அவன் திருப்திக்காக நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேட்பது என் வழக்கம். வைத்த உடனே அப்படியே கொட்டியது சத்தம். கலகல, கலகல என்று டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல. டைமிங் செயின். சந்தேகமே இல்லை. எனக்குக் காது மந்தம் என்று யாராவது சொன்னால் இந்த ஸ்க்ரூ டிரைவரைக் காட்டுவேன்.

டைமிங் செயின் என்பது இன்ஜினுக்குள்ளேயே ஓடுகிற சின்னச் செயின். கீழே சுற்றும் தண்டிலிருந்து மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் வரைக்கும் போகும். அது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் ரப்பர் முகம் வைத்த பட்டைகள் உண்டு, கைடு என்போம். ரப்பர் தேய்ந்தால் செயின் தளர்ந்து சுவரில் அடிக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் பல் தாண்டிவிடும். வால்வு போய்ப் பிஸ்டனில் முட்டும். வண்டி நடுரோட்டில் பிணமாக நிற்கும்.

புது வண்டி வாங்கேன்டா என்றேன். "புது வண்டிக்கெல்லாம் பின்னால பட்டுக்கூடு மூட்டை வெச்சா முன்னால தூக்குதுங்ணா. இதுதான் எனக்குப் பழகிருச்சு. வர்ற வாரம் கூடு எடுக்கோணும், பாத்துக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 6, வெள்ளி

காற்று. கொள்ளுப் பருப்பும் ரசமும். நாயகி பரிமாறும்போது ஏதோ சொன்னாள். ம் என்றேன்.

ஜூன் 7, சனி

இன்ஜினைப் பிரித்தேன். ஹெட் என்கிற மேல்மூடியைக் கழற்றிவிட்டால் முன்பக்கத்துக் கைடு மேலேயே கையில் வந்துவிடும். பின்பக்கத்துக் கைடுக்குப் பக்கவாட்டில் கரண்ட் எடுக்கிற மேக்னெட்டையும் கழற்ற வேண்டும், அடியில் ஒரு போல்ட்டில்தான் அது ஆடிக்கொண்டு இருக்கும். இரண்டையும் எடுத்துப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தால் பாவமாக இருந்தது. ரப்பரில் செயின் ஓடி ஓடி இரண்டு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவே இல்லை, ஓடு மாதிரி இறுகிவிட்டது. முன் கைடில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டையே காணோம்.

காணாமல் போன துண்டைத் தேடாமல் விடக்கூடாது. ஆயிலோடு போய் எங்கேயாவது அடைத்தால் இன்ஜின் கதை முடிந்தது. ஆயில் சல்லடையைக் கழற்றினேன். அங்கே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. செயினும் இழுபட்டுவிட்டது. இரண்டு கைடு, செயின், கேஸ்கெட் எல்லாம் கோயமுத்தூரில் சொல்லிவிட்டேன்.

ஒன்று கவனித்தேன். கடையில் ஏதாவது ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாரும் தெளிவாகப் பேசுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால்தான் முணுமுணுப்பு. வீட்டுக்கு என்று ஒரு குரல் வைத்திருக்கிறார்கள் போல.

ஜூன் 8, ஞாயிறு

பரண் மேலிருந்த பெரிய சூட்கேஸ் கீழே இறங்கியிருக்கிறது. நாயகி அதைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். எங்கே என்று கையால் கேட்டேன். பக்கத்தில் வந்தாள்.

"சிந்துஜாகிட்டத்தான். கொழந்தையப் பாத்துக்கத்தான். ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் சரின்னீங்களே."

சிந்துஜா எங்கள் மகள். பெங்களூரில் இருக்கிறாள். பேரன் இப்போதுதான் நடக்கிறான்.

"எத்தன நாளைக்கு?"

"அவன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும். அதும் சொன்னேனுங்களே."

இரண்டு வருடம். நான் சரி சொன்னதாகச் சொல்கிறாள். எப்போது சொன்னேன் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால், இதையெல்லாம்கூட மறந்து போகிறவன் ஒரு புருஷனா என்பாள். அதனால், ஓ, ஆமா ஆமா என்று தலையாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மறுபடியும் சூட்கேஸைத் துடைக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை இருபதாம் தேதிக்கு டிக்கெட்டாம். போகட்டும். கிரகப்பிரவேசத்துக்குப் போகாததற்கு இரண்டு வருடத் தண்டனையா?

ஜூன் 9, திங்கள்

கடையில் வேலை அதிகம். எழுத ஒன்றும் இல்லை. சூட்கேஸில் அவள் பச்சைச் சேலை வைத்திருக்கிறாள், அது எனக்குப் பிடித்த சேலை.

ஜூன் 10, செவ்வாய்

சாமான் வந்துவிட்டது. பின் கைடை மாட்டி, செயினைப் போட்டு, மேக்னெட்டில் இருக்கும் குறியை நேராக்கி, முன் கைடை மேலிருந்து இறக்கினேன். அதன் கீழ் நுனி ஒரு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உட்காரும்போது 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தால் வேலை முடிந்தது. இத்தனை வருடமாக அந்த டக்கை நம்பித்தான் ஹெட்டை மூடியிருக்கிறேன்.

இன்று டக் வரவில்லை. புது ரப்பர், மெத்தென்று உட்கார்ந்திருக்கும் என்று மூடிவிட்டேன். இப்போது வருகிற சாமான்களில் எதிலும் சத்தம் இல்லை.

ஜூன் 11, புதன்

கேம் குறியையும் சரிபார்த்து, கையாலேயே இன்ஜினை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். பூனை மாதிரி ஓடியது. நாயகி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்தாள். இன்ஜினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து, ம் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அங்குராஜுக்குக் கூடு எடுக்கும் வேலை, வர முடியாது என்றான். நானே ஓட்டிக்கொண்டு போய்ப் புழுக்கொட்டகை வாசலில் நிறுத்தினேன். உள்ளேயிருந்தே, "சாவிய அதுலயே உட்டுட்டுப் போங்ணா" என்று கத்தினான். பஸ்ஸில் திரும்பினேன். பஸ் முழுக்கக் காற்று.

ஜூன் 12, வியாழன்

மானம் போன நாள்.

காலையிலேயே அங்குராஜ் வந்து நின்றான். "அண்ணா, அப்படியேதானுங்ணா இருக்குது. முன்னயவிடச் சாஸ்தி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்தடிக்கிற மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்று உனக்குத்தான் காது போய்விட்டது என்று கண்டபடி பேசினேன். அவன் பாவம், வண்டியை ஸ்டார்ட் செய்தான். எனக்கு அது பூனைதான். அப்போது நாயகி வாசலுக்கு வந்து சத்தமாகச் சொன்னாள்.

"நேத்தே சொன்னேனுங்களே, சத்தம் போகலீங்கன்னு! ம்-ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு எடுத்துட்டுப் போனீங்க!"

வேலை முடிந்த வண்டிக்கு ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். இருந்தாலும் வைத்தேன். கலகல, கலகல. சந்தேகமே இல்லாமல். எடுத்தால் பூனை, வைத்தால் கிலுகிலுப்பை. இரண்டு மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

தலை நிமிர்ந்தால் நாயகி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். காற்று பலமாக இருந்தது என்று அங்குராஜிடம் சொன்னேன். ஒரு இலைகூட அசையவில்லை என்று அவன் சொல்லவில்லை. நல்ல பையன்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடியும் ஹெட்டைக் கழற்றினேன். நினைத்தது சரி. முன் கைடின் கீழ் நுனி பள்ளத்தில் இறங்காமல் அதன் விளிம்பிலேயே நின்றிருந்தது. புது ரப்பரை அதற்குள் ஒரு பக்கமாகச் செயின் கடித்திருந்தது. நல்லவேளை, வேறு சேதம் இல்லை. இன்னொரு கைடு எடுத்து இறக்கினேன். இந்தத் தடவை சத்தத்தை நம்பவில்லை. விரலை மேல் நுனியில் வைத்துக்கொண்டு மெதுவாக அழுத்தினேன். இறங்கியது. டக் என்பது விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் டார்ச் அடித்துக் கண்ணாலும் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் புரியவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டு இருந்தேன். பக்கத்து வண்டியின் கண்ணாடியில் நாயகி எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. அவள் வாய் அசைந்தது. "ம், ஆகட்டும்" என்றேன். மறுபடியும் அசைந்தது. "சரி, சரி, பண்ணிக்கலாம்" என்றேன்.

கண்ணாடிக்குள் அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து! பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள், கேட்காமலே.

ஜூன் 14, சனி

வண்டி முடிந்தது. ஸ்டார்ட் செய்தபோது நாயகி கூப்பிடாமலே வந்து இன்ஜின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் காதருகே வந்து, "இப்பச் சத்தம் சுத்தமா இல்லீங்க" என்றாள். நான் ஸ்க்ரூ டிரைவர் வைத்துப் பார்த்தேன். இல்லைதான். அங்குராஜ் கூடு மூட்டையைக் கட்டிக்கொண்டு நேரே மார்க்கெட்டுக்கே எடுத்துப் போனான்.

சூட்கேஸ் அப்படியே கதவோரம் நிற்கிறது.

ஜூன் 16, திங்கள்

நாயகிக்குக் காது வலி, டாக்டரிடம் துணைக்கு வாங்க என்றாள். பொள்ளாச்சிக்குப் போனோம். அங்கே வெளியே இருந்த அம்மாள் "சென்னியப்பன்" என்று பெரிதாகக் கூப்பிட்டாள். என் பேர். நான் நாயகியைப் பார்த்தேன். அவள் சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்றுதான் இருந்தது. நாயகி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை அவள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். ங்ங் என்று கோயில் மணியின் மிச்சம் மாதிரி கேட்டது. "நின்னதும் சொல்லுங்க." சொன்னேன். மறுபடியும் தட்டி, இந்தத் தடவை காதுக்கு வெளியே காற்றில் பிடித்தார்.

"தட்டுங்க" என்றேன்.

"தட்டிட்டேனுங்க. இன்னும் அடிச்சுட்டுத்தான் இருக்கு."

கவை அவர் கையில் நடுங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று ஆடாமல் இறுகிவிட்டது, வெளிச்சத்தம் உள்ளே போவதில்லை, மண்டை எலும்பு வழியாக வந்தால் கேட்கும் என்றார். ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் மெஷின் வைக்கலாம், அவசரமில்லை, யோசித்து வாங்க என்றார். ஓடு மாதிரி இறுகிய ரப்பரைப் பார்த்தவனுக்கு இது புரியாதா? புரிந்தது.

திரும்பி வரும்போது பஸ் இரைச்சலில் நாயகி என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அன்னிக்குப் பின்னால நின்னு என்ன கேட்டேன்னு தெரியுமா? உங்களுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெக்கட்டுமான்னு கேட்டேன். ஆகட்டும்னீங்க! பொண்ணு நானே பாக்கட்டுமான்னேன். சரி சரி பண்ணிக்கலாம்னீங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "பொண்ணு எந்த ஊருங்கம்மா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடையைத் திறக்கவில்லை.

காற்று இல்லை, எழுதிவிடுகிறேன். எனக்குக் காது கேட்கவில்லை. ரொம்ப நாளாகவே.

நாயகியை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன், ஏன் பேச்சை நிறுத்தினாய் என்று. அவளுக்கு வந்ததே கோபம்.

"நானா நிறுத்துனேன்? நீங்கதான் நிறுத்துனீங்க. எதக் கேட்டாலும் ம். எதச் சொன்னாலும் ம். எந்தம்பி ஊட்டு விசேசத்துக்கு வாங்கன்னு கெஞ்சுனேன், அதுக்கும் ம்-ன்னு சொல்லிட்டு வரல. செவுத்துக்கிட்ட எத்தன நாளைக்குப் பேசறது? இந்த மனுசனுக்கு நாம சலிச்சுப் போயிட்டோம்னு நெனச்சுட்டேன்."

இன்னொன்றும் சொன்னாள். சிந்துஜா அவளைக் கூப்பிடவே இல்லை. குழந்தையைப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறது. இவளாகத்தான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "அங்க போனாக் கொழந்தையாவது எம்பேச்சுக்குத் திரும்பிப் பாக்கும்னுதான்" என்றாள்.

பிறகு அவளே ஒரு வேலை செய்தாள். பின்னால் வந்து நின்று, மோவாயை என் உச்சந்தலையில் அழுத்திவைத்துக்கொண்டு, "கேக்குதுங்ளா?" என்றாள். கேட்டது. கத்தாமல், வீட்டுக்குள் பேசுகிற அவள் சொந்தக் குரலில் கேட்டது. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருக்கிறேன். இன்னும் பேசு, இன்னும் பேசு என்றேன். பக்கத்து வீட்டுக் கதை, பால்காரர் கதை, தம்பி வீட்டு டைல்ஸ் கதை எல்லாம் சொன்னாள். ஒரு இடத்தில்கூட நான் ம் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சூட்கேஸைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூன் 18, புதன்

போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் சொன்னதே இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோதுகூட, போய்ட்டு வா என்றுதான் சொன்னேன். அன்றைக்கு வண்டி கிளம்பிய பிறகு கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை, அதையும் சொன்னதில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அவளுக்கும் பேரனைப் பார்க்க ஆசை இருக்கும், காது கேட்காதவனோடு எதற்கு மாரடிக்க வேண்டும். இப்படி எல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். எல்லாம் சால்ஜாப்பு.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு இருந்தேன். நாயகி பின்னால் வந்து தலையில் மோவாயை வைத்தாள். நாளைக்குப் போடுகிற மாத்திரை எது, தண்ணீர் மோட்டாரை எப்போது நிறுத்துவது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் சிந்துஜாகிட்டப் போகட்டுங்ளா?"

எல்லா எழுத்தும் தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை. கையில் சோப்பு அப்படியே இருந்தது.

"போகாத நாயகி" என்றேன். "நீ போனா என்னால ஆகாது. எங்கியும் போகாத."

பதில் இல்லை. நான் பயந்துவிட்டேன். அவள் சொல்லி எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று, "என்ன சொன்ன? கேக்கல. இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள். அவள் தாடை என் தலைமேல் நடுங்கியது. மெதுவாகச் சொன்னாள்:

"இதக் கேக்கத்தானுங்க மூணு தடவ கேட்டேன்."